குதிரைத்திறனை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் எஞ்சினையே மேம்படுத்துவதா, அதை எடுத்துவிட்டு வேறு எஞ்சின் ஏற்றுவதா என்று உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சின் பிரித்துச் சீரமைக்கும் பட்டறை நடத்துகிறவன் நான். கட்டுரையாளர் விஷயம் தெரிந்தவர்தான், சந்தேகமில்லை. ஆனால் கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மொத்தச் செலவைக் கூடுதலாகக் கிடைக்கும் குதிரைத்திறனால் வகுத்துப் பார்த்து, எஞ்சினை மாற்றுவதில்தான் ஒரு குதிரைத்திறனுக்கு ஆகும் செலவு குறைவு, ஆகவே மாற்றிவிடுங்கள் என்று முடித்திருக்கிறார். இந்த ஒரே வகுத்தலை நம்பி வண்டியைப் பிரித்துப் போட்டவர்கள் என் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கணக்கு தரையில் இறக்கி வைத்த எஞ்சினுக்குச் சரி. ஓடுகிற வண்டிக்குச் சரிப்படாது. புது எஞ்சின் உள்ளே போனதும் மவுண்ட் மாற வேண்டும். ஆயில் சம்ப், குறுக்குச் சட்டத்திலோ ஸ்டியரிங் ரேக்கிலோ இடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டியரிங் தண்டின் வழியில் வந்து நிற்கும். கிளட்ச், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், அதன் குழாய்கள், பிரேக், டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) என்று ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டே போகும். எஞ்சின் வாங்கிய செலவு இந்தப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். அதோடு, வண்டி ஓடாமல் நிற்கும் மாதங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மூடி வைத்த வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகுகிறது, ரப்பர் வெடிக்கிறது, டேங்கில் பெட்ரோல் கெட்டுப்போகிறது.

என்னிடம் யாராவது வந்து எஞ்சின் மாற்றலாமா என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, "எங்கே பத்தலை?" என்பதுதான். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருந்த ஓர் இளைஞர் அப்படித்தான் வந்தார். 1989-இல் வெளிவந்த மாடல், 1.6 லிட்டர், சுமார் 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. "அண்ணே, இதுல வி8 ஏத்திடலாமா?" என்றார். எட்டு சிலிண்டர் எஞ்சினைத்தான் சொல்கிறார். எங்கே பத்தவில்லை என்று கேட்டேன். சர்க்யூட்டில் மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது மற்ற வண்டிகள் தள்ளிக்கொண்டு போய்விடுகின்றன என்றார். நேர்ப்பாதையின் கடைசியில் வேகம் குறைவாக இருப்பது வேறு, வளைவின் வாயில் இழுவை இல்லாமல் இருப்பது வேறு. முன்னதற்கு நிறையச் சக்தி வேண்டும். காற்றின் எதிர்ப்பைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், 200 கிலோமீட்டர் வேகத்தை 240 ஆக்க, காற்றுக்கு மட்டுமே சுமார் 1.7 மடங்கு சக்தி கேட்கும். பின்னதற்கு, எஞ்சின் நடுத்தர வேகத்தில் சுழலும்போது (நடு சுழற்சியில்) டார்க், அதாவது சுழற்றும் விசை, கூடினால் போதும். இவர் சொன்னது இரண்டாவது வகை.

சரி, எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்போம் என்று கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, சோதித்தேன். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. அந்தச் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி ஏற்றி லீக் சோதனை செய்தேன். இந்தச் சோதனைக்குக் காது போதும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது, இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இவருக்குச் சைலன்சரில் சீறியது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது. ஹெட்டை இறக்கி, சீட் வெட்டி, வால்வு மாற்றிக் கொடுத்தோம். அந்த எஞ்சின் உண்மையில் எப்படி இழுக்கும் என்பதே அவருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தேய்ந்துபோன எஞ்சினின் இழுவையையும், புதிதாக ஏற்றப்போகும் எஞ்சினின் விளம்பரக் குதிரைத்திறனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அது நியாயமான ஒப்பீடு இல்லை. வாங்கி வரும் எஞ்சினும் எத்தனையோ வருடம் ஓடியதுதான், அதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, வண்டியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பகால 1.6 எம்எக்ஸ்-5 எஞ்சின்களில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டின்) மூக்கு குட்டை. முன்பக்கப் புல்லி போல்ட் தளர்ந்தால் சாவிக்காடி தேய்ந்து, புல்லி ஆட்டம் போட்டு, கிராங்கே வீணாகிவிடும். அப்படிக் கெட்ட கிராங்கை வைத்துக்கொண்டு டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவிக்கு) பணம் போடுவது வீண். அந்த வண்டிகளின் டிஃபரன்ஷியலும் பின்னால் வந்த 1.8 லிட்டர் மாடலுடையதைவிடச் சிறியது. எஞ்சினை மேம்படுத்தினாலும் மாற்றினாலும் அது ஒருநாள் கேள்வி கேட்கும்.

இப்போது மேம்படுத்துதல் என்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். டர்போ இல்லாத எஞ்சினில் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், கம்ப்யூட்டர் ட்யூனிங் என்று போனால் கிடைப்பது கொஞ்சம்தான், பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். காரணம் எளிது. சிலிண்டருக்குள் போகும் காற்று கூடினால்தான் சக்தி கூடும். நல்ல எஞ்சின் ஏற்கெனவே தன் கொள்ளளவுக்குக் கிட்டத்தட்ட முழுசாகவே மூச்சு வாங்குகிறது. கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த எஞ்சின் என்றால் கதை வேறு. அங்கே பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, கொஞ்சம் ஏற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் சரியாக அமைத்தாலே நன்றாகத் தெரியும் மாற்றம் கிடைக்கும்.

டர்போ இல்லாத எஞ்சினில் புதிதாக டர்போ வைப்பவர்கள் பூஸ்ட் எண்ணைப் பற்றியே பேசுவார்கள். நான் ரிங் இடைவெளியைப் பற்றிப் பேசுவேன். 83 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள எஞ்சினில், டர்போ இல்லாதபோது மேல் ரிங்கின் வாய் இடைவெளி சுமார் 0.33 மில்லிமீட்டர் போதும். டர்போ வைத்தால் அது அரை மில்லிமீட்டரை நெருங்க வேண்டும். சூட்டில் ரிங் நீளும். இடைவெளி போதாமல் இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் ரிங் போக இடமில்லாமல் சிலிண்டரைக் கவ்வும், பிஸ்டனின் ரிங் காடி உடைந்து வரும். அதோடு நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். என் மேஜையில் அப்படி உடைந்த பிஸ்டன்கள் இருக்கின்றன. பூஸ்ட் அதிகமானதால் உடைந்தவை அல்ல அவை. பூஸ்ட் வரப்போகிறது என்று சொல்லாமல் எஞ்சின் கட்டியதால் உடைந்தவை.

சுழற்சியை ஏற்றிச் சக்தி எடுக்க நினைப்பவர்களும் உண்டு. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி, நிமிடத்துக்கு 7000 சுற்றில் நின்றதை 8000 வரை ஓடவிடலாம் என்பார்கள். மேலே போன பிஸ்டனைத் திருப்பி இழுக்கும் விசை சுழற்சியின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 7000-க்கும் 8000-க்கும் இடையில் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டும் தாங்க வேண்டிய இழுவிசை சுமார் 30 சதவீதம் கூடுகிறது. வால்வு ஸ்பிரிங், ஆயில் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும். சத்தம் அருமையாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் தெருவில் ஓட்டும் வண்டிக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

அந்த எம்எக்ஸ்-5 இளைஞர் கடைசியில் அரை பார் அழுத்தத்துக்கும் குறைவான பூஸ்ட்டில் ஒரு சிறிய டர்போ வைத்துக்கொண்டார். இன்டர்கூலர், நல்ல ரேடியேட்டர், பெரிய இன்ஜெக்டர், சரியான ட்யூனிங். மாஸ்டாவே 2004-இல் இதே வரிசையின் அடுத்த தலைமுறையில் 1.8 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ வைத்து 178 குதிரைத்திறனுக்கு விற்றது. அந்த எண்ணை அவருக்குக் காட்டி, இதைத் தாண்டிப் போகாதீர்கள் தம்பி என்றேன். தயாரித்தவரே உத்தரவாதத்தோடு விற்ற அளவு எது என்று தெரிந்தால் அதைவிட நல்ல எல்லைக்கல் கிடையாது.

இவ்வளவும் சொன்னதால் நான் எஞ்சின் மாற்றுவதற்கே எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார் வரலாற்றில் பாதி அழகு அதிலிருந்து வந்ததுதான். 1962-இல் கேரல் ஷெல்பி, ஏசி ஏஸ் என்ற பிரிட்டிஷ் காரின் உடம்பில் ஃபோர்டு வி8 எஞ்சினை ஏற்றினார், கோப்ரா பிறந்தது. லோட்டஸ் எலீஸ் 1996-இல் ரோவரின் கே-சீரிஸ் எஞ்சினோடு வந்தது. ஹெட் கேஸ்கெட் தொல்லைக்குப் பேர்போன எஞ்சின். பிறகு லோட்டஸே டொயோட்டா எஞ்சினுக்கு மாறியது. டொயோட்டா 86-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 லிட்டர் எஞ்சின், சுமார் 200 குதிரைத்திறன், நடு சுழற்சியில் டார்க் சற்றுப் படுத்துவிடும் என்று வந்த நாளிலிருந்தே புகார். டர்போ வை, டர்போ வை என்று எல்லோரும் கேட்டார்கள். 2021-இல் வந்த அடுத்த தலைமுறையில் அவர்கள் டர்போ வைக்கவில்லை, கொள்ளளவை 2.4 லிட்டராக்கினார்கள். 205 நியூட்டன் மீட்டராக இருந்த டார்க் 250 ஆனது. அதைவிட முக்கியம், 6400-க்கு மேல் போய்க் கிடைத்த உச்சம் 3700-லேயே கிடைத்தது.

எஞ்சின் மாற்றுவதன் உண்மையான லாபத்தை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. அது குதிரைத்திறன் எண்ணிக்கையில் இல்லை, அலட்டிக்கொள்ளாமல் ஓடும் ஆயுளில் இருக்கிறது. 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 என்ற 5.7 லிட்டர் வி8 எஞ்சின் 345 குதிரைத்திறனைக் கம்பெனி நிலையிலேயே, பங்கில் கிடைக்கும் பெட்ரோலில், வெப்பமானி முள் அசையாமல் தரும். அலுமினிய பிளாக். ஒற்றைக் கேம் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட்டுகள் சிறியவை, அதனால் எஞ்சினின் அகலமும் உயரமும் குறைவு. அதே 345-ஐ 1.6 லிட்டரிலிருந்து பிழிந்தெடுத்தால் ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ராடு, பெரிய டர்போ, விலையுயர்ந்த எரிபொருள் எல்லாம் வேண்டும். அப்புறமும் அடிக்கடி பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருக்கிற எஞ்சினின் சக்தியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அதுவும் நாள் முழுக்க சர்க்யூட்டில் ஓட வேண்டும் என்றால் நானே மாற்றச் சொல்வேன். பிளாக் வெடித்திருந்தாலோ, போர் கடைசி அளவைத் தாண்டியிருந்தாலோ, உதிரிபாகமே கிடைக்காவிட்டாலோ அப்படித்தான்.

அப்படி ஒரு நிசான் எஸ்13 என்னிடம் வந்தது. பழைய 2.4 லிட்டர் எஞ்சினின் இரும்பு பிளாக்கில் விரிசல். அதன் உரிமையாளர் பெரிய வி8 பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அதே உடம்பில் ஜப்பானில் நிசானே எஸ்ஆர்20 டர்போ எஞ்சினைப் போட்டு விற்றதே, 2 லிட்டர், 205 குதிரைத்திறன், அதைப் பார்க்கலாமே என்றேன். எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடுத்த முழு செட்டாக வாங்கினார். அந்த எஞ்சின் அறையில் நிசானே பொருத்திய எஞ்சின் என்பதால் எதையும் வெட்டவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. எஞ்சின் மாற்ற நினைப்பவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: இந்த உடம்பில் தயாரிப்பாளரே வேறு எந்த எஞ்சினைப் போட்டிருக்கிறார்?

தயாரிப்பாளர் போடாத எஞ்சினைப் போடும்போதுதான் நுணுக்கம் ஆரம்பிக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்க இடைத்தட்டு செய்வார்கள். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் உள்ளீட்டுத் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜில் பார்த்தால் பெல் ஹவுசிங்கின் (கிளட்சைச் சுற்றி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூட்டின்) மொத்த ஆட்டம் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. இதை அளக்காமல் போல்ட் முறுக்கியவர்களின் கியர்பாக்ஸ் பேரிங் சீக்கிரமே ஊளையிட ஆரம்பிக்கிறது, கியர் விழ மறுக்கிறது. பழி கியர்பாக்ஸ் மேல் விழுகிறது. ஒருவர் வேறொரு பட்டறையில் அப்படிப் பொருத்திக்கொண்டு வந்தார். மூன்றாவது கியர்பாக்ஸ் வாங்கும் நிலையில் இருந்தார். கழற்றி அளந்ததும் காரணம் கண்ணுக்கு முன்னால் நின்றது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் இப்படித்தான். இரு முனை ஜாயிண்ட்டுகளின் கோணமும் சமமாக இல்லாவிட்டால் அதிர்வு ஓட்டுநர் இருக்கை வரை வரும்.

புதிய வண்டிகளில் மின்சாரம் இன்னும் பெரிய சிக்கல். எஞ்சின் கம்ப்யூட்டர், ஏபிஎஸ், மின் ஸ்டியரிங், மீட்டர் பலகை, சாவி அடையாளம் எல்லாம் ஒரே கம்பித் தடத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. எஞ்சினை எடுத்ததும் அந்தப் பேச்சில் ஒரு குரல் நின்றுபோகும், மற்றவை தவறு காட்டி முரண்டு பிடிக்கும். இயந்திர வேலை முடிந்தும் வயரிங் முடியாமல் நிற்கும் வண்டிகளையே நான் அதிகம் பார்க்கிறேன்.

எடையையும் விட்டுவிடக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கார் என்பதே திரும்பும் சுகத்துக்காக வாங்குவது. நீளமான, இரும்பு பிளாக் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினை, டொயோட்டாவின் 2ஜேஇசட் போன்றதை, சிறிய வண்டியின் மூக்கில் ஏற்றினால் எடை முன் அச்சுக்கு மேலும், சில வண்டிகளில் அதையும் தாண்டியும் போய் உட்காரும். அந்த எஞ்சின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை உண்டு, அவ்வளவு பலமான பிளாக். ஆனால் அது போன பிறகு வண்டி வளைவில் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங், டேம்பர், டயர் எல்லாம் மாற்றியும் பழைய துள்ளல் திரும்புவதில்லை. ஏற்றப்போகும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள் என்பேன்.

சூட்டின் கணக்கு இரண்டு வழிக்கும் பொது. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு குளிர்விக்கும் தண்ணீரில், மற்றொன்று புகையில் போகிறது. சக்தியை இரட்டிப்பாக்கினால் ரேடியேட்டரும் இரு மடங்கு சூட்டைக் கையாள வேண்டும். பானெட்டுக்கு அடியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று நாடா பிடித்துப் பார்க்காமல் எஞ்சின் வாங்காதீர்கள்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் கேட்கும்போது மட்டும் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அதன் ரோட்டரி எஞ்சினில் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) நாக்கிங் வந்தால் ரோட்டரின் முனை சீல் உடையும், சீரமைக்கத் தெரிந்தவர் குறைவு. எல்எஸ் எஞ்சின் அதன் மூக்கில் அழகாக உட்காரும், நிம்மதியாக ஓடும். கைவேலையாகப் பார்த்தால் மாற்றுவதே எளிது. இருந்தாலும் அந்த வண்டி ரோட்டரிக்காகவே வரையப்பட்டது. தாழ்ந்த அந்த பானெட்டே எஞ்சின் சிறியது என்பதால் வந்தது. ரோட்டரி ஓடும் ஆர்எக்ஸ்-7 ஒவ்வொன்றாகக் குறைவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மாற்றுவதானால் சட்டத்தை வெட்டாதீர்கள், பழைய எஞ்சினை எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள், விற்காதீர்கள்.

சட்டப் பக்கத்தைக் கட்டுரை தொடவே இல்லை. எஞ்சின் எண் பதிவுச் சான்றில் இருக்கும் ஊர்களில் அதை மாற்றிப் பதிய வேண்டும். புகைச் சோதனை, காப்பீடு இரண்டும் எஞ்சினைப் பொறுத்தவை. அனுமதி கிடைக்குமா என்று எஞ்சின் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. டர்போ வைப்பவரும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் அடுத்த பகுதியில் எஞ்சின் மாற்றி முடித்தவர்களையும், இருப்பதை மேம்படுத்தியவர்களையும், பாதியில் விட்டவர்களையும் தேடிப்பிடித்துக் கேளுங்கள். குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்பதோடு, வண்டி எத்தனை மாதம் நின்றது, கடைசியில் எதெதெல்லாம் மாற்ற வேண்டி வந்தது, இப்போது வாரத்தில் எத்தனை நாள் அதை ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். எங்கள் பட்டறையில் பிரித்த எஞ்சின்களின் அளவுக் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. உங்கள் கட்டுரையாளர் வந்து பார்ப்பதாக இருந்தால், உடைந்த பிஸ்டன்களையும் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
எஞ்சின் சீரமைப்புப் பட்டறை நடத்தும் உங்கள் வாசகன்